எழுபது வளைவுப் பாயசமும் என் மாமாவும்

"டாக்டர், சர்க்கரையை அடியோட விட்டுட்டேன். இப்ப எங்க வீட்ல எல்லாமே வெல்லம்தான்!"

வாரத்தில் நாலு பேராவது என் முன்னால் உட்கார்ந்து இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்தால் எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

சென்ற மாதம் வந்த ஓர் அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். "தினமும் சாயங்காலம் சாமைப் பாயசம் ஒரு டம்ளர் குடிக்கிறேன் டாக்டர். சிறுதானியம், நாட்டு வெல்லம், கடைசியில ரெண்டு ஸ்பூன் மலைத் தேன். உங்க சித்த வைத்தியத்துல இதெல்லாம் மருந்துதானே?" என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார்.

சாமைப் பாயசம் என்றதும் எனக்கு என் பெரிய மாமா ஞாபகம் வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் எனக்குக் கிடைத்தது அவரிடமிருந்துதான்.

என் அம்மா பிறந்தது கொல்லிமலையில், சோளக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். இப்போது நாமக்கல் மாவட்டம். நான் சிறுவனாக இருந்தபோது சேலம் மாவட்டம். பள்ளி விடுமுறை விட்டால் சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகப் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மாமா வீட்டுக்குப் போவோம். போனவர்களுக்குத் தெரியும். முப்பதாவது வளைவிலேயே பஸ்ஸில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள்.

மாமா இளவயதில் சில வருஷம் மலைக்கு வந்துபோகிற லாரி ஒன்றில் கிளீனராக இருந்தவர். டிரைவர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆகவில்லை. ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த லாரி மட்டும் அவர் தலைக்குள் கடைசிவரை ஓடிக்கொண்டே இருந்தது.

அது வெளியே தெரிவது பாயசம் காய்ச்சும் அன்றுதான். புதுச் சாமை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், ஆடிப் பதினெட்டுக்கு ஒரு நாள். வருஷத்தில் இந்த இரண்டு தடவைதான் எங்கள் வீட்டில் சாமைப் பாயசம். அன்றைக்கு அத்தையை அடுப்படிப் பக்கம் வரவிடமாட்டார். விறகடுப்புக்கு முன்னால் மணைப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வலது கையில் கொட்டாங்குச்சி அகப்பை, இடது கையில் கண்ணுக்குத் தெரியாத ஸ்டியரிங்!

"காரவள்ளி, காரவள்ளி! ஏறுறவங்க எல்லாம் ஏறிக்குங்க!" என்று ஒரு சத்தம். பிள்ளைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர் அவருக்குப் பின்னால் இரண்டிரண்டாக உட்கார்ந்துகொள்வோம். அடுப்பு பற்றிக்கொண்டதும் வண்டி கிளம்பும். வீட்டில் கடிகாரம் இருந்தது. அதை அவர் மதித்ததே கிடையாது. அவருக்குப் பாயசத்தின் பக்குவம் வளைவுக் கணக்குதான்.

முதல் எட்டு வளைவு, கொஞ்சம் நெய்யில் சாமையை வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். ஒன்பதாவது வளைவில் தண்ணீர். அங்கிருந்து ஐம்பத்தைந்து வரை ஒரே சீரான ஏற்றம், நிதானமாக வேகட்டும். சாமை நன்றாக வெந்து மசிந்த பிறகுதான் வெல்லம். "வெல்லம் முன்னாடி விழுந்தா தானியம் அதுக்கு மேல வேகாது. வண்டி பாதி மலையில நின்னுரும்" என்பார். இது சமையல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. வெல்லப்பாகைத் தனியாகக் காய்ச்சி, மண் போக வடிகட்டித் தயாராக வைத்திருப்பார். அறுபதாவது வளைவில் தேங்காயின் இரண்டாம் பால். அறுபத்தெட்டில் முதல் பால். அதன்பிறகு கொதிக்கவிடக் கூடாது, திரிந்துவிடும். எழுபதில் ஏலக்காயும் சுக்கும் தட்டிப்போட்டு இறக்கிவிடுவார். தேன்? "அது இப்ப இல்ல. சோளக்காட்டுல இறங்கி டீ குடிச்ச பிறகு!" அதாவது பாயசம் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு. தேனைக் கொதிக்கவைக்கக் கூடாது என்று நான் கல்லூரியில் படித்தது ரொம்பப் பிற்பாடு.

ஒவ்வொரு வளைவுக்கும் "பாம்... பாம்..." என்று வாயாலேயே ஹாரன். ஒரு வளைவுக்கு அகப்பை வலப்பக்கம் சுற்றினால் அடுத்த வளைவுக்கு இடப்பக்கம். பின்னால் இருக்கிற நாங்களும் அதற்கேற்பச் சாய வேண்டும். சாயாதவனுக்குப் பாயசம் குறையும். என் சித்தி பையன் ஒருத்தன் முப்பத்திரண்டாவது வளைவில் வாந்தி எடுப்பதுபோல நடிப்பான். மாமா சிரிக்கவே மாட்டார். கையைப் பின்னால் நீட்டி, மடியில் தயாராக வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தைக் கொடுப்பார்!

நடுவில் யாரும் பேசக் கூடாது. ஒருதரம் கீழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், வாய் சும்மா இருக்காமல், "மச்சான், சாமைக்கு எதுக்கு எழுபது வளைவு? அம்பதே போதுமே, குழைஞ்சு போகுமே" என்றார். மாமாவுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. "எத்தனாவது வளைவுன்னு தெரியல. இனிமே ஓட்டுறது ஆபத்து. எல்லாரும் இறங்குங்க" என்று அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பாயசம் அடிப்பிடித்தது. வாத்தியாரோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

சிரிப்பெல்லாம் இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் ஏன் வருஷத்துக்கு இரண்டே தடவை? மாமாவுக்குப் பாயசம் பிடிக்காமலா? உயிரையே விடுவார்! காரணம், சாமையின் உமியை நீக்குவது. நெல் மாதிரி அது சுலபத்தில் கழலாது. மணி அத்தனை சிறிசு. உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, திரும்பக் குத்தி, திரும்பப் புடைத்து... ஒரு குடும்பத்துக்குப் பாயசம் வைக்க அத்தையும் அக்காக்களும் பாதி நாள் தோள் வலிக்கக் குத்துவார்கள். வெல்லமும் மலைக்கு மேல் விளைவதில்லை. கீழே பிலிக்கல்பாளையம் பக்கத்திலிருந்து காசு கொடுத்து வாங்கிவர வேண்டும். ஆக, அந்த வீட்டில் இனிப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது வைத்தியரும் அல்ல, வைராக்கியமும் அல்ல. உலக்கைதான்! மாமா அடுப்பைப் பிடித்துக்கொண்டு பேர் வாங்கினார். குத்தியவர்கள் பேரை யாரும் சொன்னதில்லை.

பிறகு காலம் மாறியது. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் கையில் ரொக்கம் கொடுத்தன. சாமையை யார் அப்படி வாங்கினார்கள்? விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாமாவும் மரவள்ளிதான் போட்டார். கையில் காசு வந்தது. வெல்லம் கிலோக் கணக்கில் வந்தது. மில் வசதியும் வந்தது. பெண்களின் தோளுக்கு அது விடுதலை, சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் மாமாவுக்கு என்ன ஆயிற்று? ஓட்டுவதற்கு லாரி எப்போதும் தயார்! வெள்ளிக்கிழமைதோறும் பாயசம். பிறகு வெள்ளி, செவ்வாய். வயசு ஐம்பதைத் தாண்டியது, நடை குறைந்தது, வயிறு முன்னால் வந்தது.

1994-ல் நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, பட்டம் சூடு ஆறாமல் மலைக்குப் போனேன். மாமாவுக்கு அப்போதுதான் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்திருந்தார்கள். என்னைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

"மாப்ளே, நீ படிச்சவன். நெசத்தைச் சொல்லு. இந்த வியாதிக்கு நம்ம சாமைப் பாயசம் ஆகுமா, ஆகாதா?"

எனக்கு நம் மண்ணின் சாப்பாடு மேல் அப்படி ஒரு பெருமை. இளவயசுத் திமிரும்தான். "சாமை நல்லது மாமா. வெல்லம் நாட்டு வெல்லம்தானே! வெள்ளைச் சர்க்கரையைத் தொடாதீங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் அடுப்படிச் சுவரில் கரியால் பெரிதாக எழுதியிருக்கிறார்: 'மருமகன் டாக்டர் உத்தரவு. பாயசம் ஆகும்.' அத்தை எதிர்த்துப் பேசும்போதெல்லாம் சுவரைக் காட்டுவார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

1998-ல் ஒரு நாள் அத்தை வீடு பெருக்கும்போது தரையில் ரத்தக்கறை. யார் காலில் என்று பார்த்தால் மாமா காலில். காலையில் தோட்டத்தில் ஏறிய முள் சாயங்காலம் வரை காலிலேயே இருந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. புண் ஆறவில்லை. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எழுபது வளைவுல ரெண்டு குறைஞ்சாலும் மலை மலைதாண்டா மாப்ளே."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பாயசம் ஒன்றினால் மட்டும் அவர் விரல் போனது என்று சொல்லமாட்டேன். அவர் அம்மாவுக்கும் அந்த வியாதி இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். காலில் செருப்புப் போடும் பழக்கமே கிடையாது. ஆனாலும் நான்கு வருஷம் அவர் நிம்மதியாக லோட்டா லோட்டாவாகக் குடிப்பதற்கு என் ஒரு வார்த்தை துணை போயிருக்கிறது. 'தானே' என்ற சொல் இருக்கிறதே, 'வெல்லம்தானே', 'தேன்தானே', அது வைத்தியன் வாயில் வரவே கூடாத சொல் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்று சிறுதானியத்துக்கு நல்ல காலம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. நல்லது, சந்தோஷம். அதே 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று கணக்குச் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து, 'சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்' என்று பெட்டியில் அச்சடித்துப் பாயச மிக்ஸும் சிறுதானிய லட்டும் விற்கிறார்கள். என் துறையைச் சேர்ந்த சிலரும் மேடையேறி அதற்கு ஆமாம் போடுகிறார்கள். அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஜனங்கள் மேல் இல்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஏறத்தாழ 400 கலோரி. 100 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 380. கருப்பட்டியும் இதே குடும்பம்தான். வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து, கொஞ்சம் தாதுக்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் ஏறும்போது அது சர்க்கரைதான். தேனும் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரையே. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள், இனிப்பை நிறுத்திக்கொள்வது உத்தமம் என்கிறது. தேனையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் மாமாவின் ஒரு லோட்டாவில் வெல்லம் மட்டும் 50 கிராம் இருக்கும். அவர் குடித்தது இரண்டு லோட்டா!

சரி, சாமை? அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், மாவுச்சத்து கொஞ்சம் குறைச்சல். ஆனாலும் 100 கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். அதையும் வெள்ளைவெளேர் என்று தீட்டி, தவிட்டைப் போக்கி, கூழாகக் குழைத்துவிட்டால் அது மெதுவாகவா ஜீரணமாகும்? சாமையின் நன்மை வேண்டுமென்றால் லேசாகத் தீட்டிய சாமையைச் சோறாக, உப்புமாவாக, காயும் பருப்பும் சேர்த்து அளவோடு சாப்பிடுங்கள். அந்த நன்மையைப் பாயசத்தில் தேடாதீர்கள்.

சித்த மருத்துவம் இதற்கு மாறாக ஒன்றும் சொல்லவில்லை. இனிப்பு, மண்ணும் நீரும் சேர்ந்த சுவை, கபத்தைக் கூட்டும் என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். மதுமேகம் என்ற பேரே நம் முன்னோர் வைத்ததுதானே! தேனை அனுபானமாகக் கொடுக்கிறோம், உண்மை. எவ்வளவு? விரல் நுனி அளவு, மருந்தைக் குழைக்க. பாட்டிலைக் கவிழ்க்கச் சொல்லி எந்த ஆசானும் சொல்லவில்லை. தேன் பேச்சு வந்ததால் இன்னொன்று: ஒரு வயசு நிறையாத குழந்தை நாக்கில் தேன் தடவாதீர்கள். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையை முடக்கிப்போடக்கூடியது. பாட்டி கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்லுங்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு மாமா சுவரில் எழுதியதை அவரே சுண்ணாம்பு அடித்து அழித்தார். பாயசம் மறுபடி வருஷத்துக்கு இரண்டு தடவை ஆனது. அவர்தான் காய்ச்சினார். அதே மணை, அதே ஹாரன். ஆனால் அவர் பங்கு இரண்டு கரண்டி. அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைக்குச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு. மாத்திரையைத் தவறவிடுவதில்லை. ராத்திரி படுக்குமுன் அத்தை விளக்கைக் கொண்டுவந்து அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். யாராவது, "என்ன மாமா, காய்ச்சினவர் நீங்க, ரெண்டே கரண்டியா?" என்று கேட்டால், "டிரைவர் ஓட்டணும். சாப்பிடுறது பாசஞ்சர்" என்பார். அப்படியே இன்னும் பதின்மூன்று வருஷம் ஓட்டினார். 2011-ல் காலமானார்.

இப்போது அந்தச் சாமைப் பாயச அம்மாளுக்கு வருகிறேன். அவரிடம் சொன்னேன்: "உங்க பாயசம் நல்ல பாயசம்தான் அம்மா. ஆனா அது பாயசம். மருந்து இல்லை. பண்டிகைக்கு வைங்க. வீட்டுல எல்லாருக்கும் கொடுங்க. நீங்க ரெண்டு கரண்டி சாப்பிடுங்க. பாயசம் சாப்பிடணும்னு மத்தியானச் சாப்பாட்டைப் பட்டினி போடாதீங்க. மாத்திரை சாப்பிடுறவங்க பட்டினி கிடந்தா சர்க்கரை கீழே இறங்கி மயக்கம் போட்டுரும். இப்ப செருப்பைக் கழற்றுங்க, பாதத்தைப் பார்க்கணும்."

"பாதத்தையா? எதுக்கு டாக்டர்?" என்றார். முப்பது வருஷமாக யாரும் அவர் பாதத்தைப் பார்த்ததில்லையாம். குதிகாலில் ஒரு வெடிப்பு. லேசான சிவப்பு. நல்ல வேளை, உணர்ச்சி இருந்தது. தினமும் பார்க்கச் சொன்னேன், வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்றேன். சர்க்கரைக்கு அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் மாத்திரையைத் தொடரச் சொன்னேன். பிறகு மாமா கதையையும் சொன்னேன். எட்டுப் பேருக்கு அளவு கேட்டார். சாமை 100 கிராம், வெல்லம் 150 கிராமுக்கு மேல் போகாமல், ஒரு தேங்காயின் பால், ஏலக்காய், சுக்கு, கொஞ்சம் நெய். மாமா போட்ட வெல்லம் இதைவிட ரொம்பக் கூடுதல். நான்தான் குறைத்துக்கொண்டேன். சின்னக் கிண்ணத்தில்தான் ஊற்ற வேண்டும், லோட்டாவில் இல்லை என்றும் சொன்னேன்.

போன வாரம் வந்தார். காலைப் பரிசோதனையில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. பேத்தி பிறந்தநாளுக்குப் பாயசம் வைத்தாராம். கிளம்பிப்போனவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று திரும்பி, "டாக்டர், எல்லாம் சரியா வந்துச்சு. தேன் மட்டும் எத்தனாவது வளைவுலன்னு மறந்துட்டேன்" என்றார்.

"வளைவெல்லாம் முடிஞ்சு, சோளக்காட்டுல இறங்கி டீ குடிச்ச பிறகு" என்றேன்.

"சர்க்கரை இல்லாத டீ!" என்று சொல்லிவிட்டுப் போனார்.